பழைய பல்செட்டுக்கு ஒரு படி

நகல் என்ற சொல்லுக்குக் கல்விப்புலத்தில் நல்ல பெயர் இல்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒப்புமை விழுக்காட்டைப் பார்த்து அஞ்சும் தலைமுறைக்கு நகல் என்பது உழைப்பின்மையின் அடையாளம். சில வேளைகளில் குற்றத்தின் அடையாளமும்கூட. பல் மருத்துவக் கல்லூரிகளில் செயற்கைப் பல் துறையில் முதுநிலை பயில வருவோரும் பெரும்பாலும் இந்த மனநிலையோடுதான் வருகிறார்கள். பற்களே இல்லாத வாய்க்கு முழுப் பல்செட் செய்யும் முறை அவர்களுக்குப் படிப்படியாகக் கற்பிக்கப்படுகிறது. முதல் அளவு, இறுதி அளவு, இரு தாடைகளின் உறவைப் பதிவு செய்தல், மெழுகில் பல் அடுக்கிப் பார்த்தல், கடைசியாகப் பொருத்துதல் என்று அந்தப் பாதை செல்கிறது. வெற்று வாயில் தொடங்கும் பாதை அது. நோயாளி பல ஆண்டுகளாக அணிந்துவரும் பழைய பல்செட்டுக்கு அதில் பெரிய இடமில்லை. கழற்றி ஓரமாக வைக்கப்பட வேண்டிய பொருளாகவே அது கருதப்படுகிறது.

ஆனால் முதியவர்கள் பலர் மருத்துவரிடம் கேட்பது வேறொன்று. "இதே மாதிரி இன்னொன்று செய்து கொடுங்கள்" என்கிறார்கள். புதிய பல்செட் பழையதைவிட எல்லா வகையிலும் மேலானதாக இருக்கும் என்று படித்த மாணவருக்கு இந்த வேண்டுகோள் அறியாமையாகத் தோன்றும். அது அறியாமைதானா என்பதே இங்குள்ள கேள்வி.

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது தொடங்கிய நகரம் கொல்கத்தா. இன்று அந்நகரில் பல் மருத்துவக் கல்லூரிகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றின் புறநோயாளர் பிரிவுக்கு வந்த ஒரு கிளாரினெட் கலைஞரின் கதை இந்தக் கேள்விக்கு ஓரளவு விடை தருகிறது. மகாத்மா காந்தி சாலையில் வரிசையாக இருக்கும் பேண்டு வாத்தியக் கடைகளை அந்நகரை அறிந்தோர் பார்த்திருப்பார்கள். கல்யாண மாதங்களில் சிவப்புச் சீருடை அணிந்து ஊர்வலத்தின் முன்னே நடக்கும் கலைஞர்களில் பலர் பீகாரின் கிராமங்களிலிருந்து வருபவர்கள். இவரும் அப்படி வந்தவர்தான், வயது 68. மேல்வாய், கீழ்வாய் இரண்டிலும் இயற்கைப் பல் ஒன்றுமில்லை. பதினான்கு ஆண்டுகளாக ஒரே பல்செட்டைத்தான் அணிந்துவந்தார்.

அந்தப் பல்செட்டின் நிலை நன்றாக இல்லை. கடைவாய்ப் பற்களின் மேடுகள் தேய்ந்து தட்டையாகியிருந்தன. இளஞ்சிவப்பு அடித்தளம் நிறம் மங்கி, மேல் பல்செட்டின் நடுவே இரண்டு முறை ஒட்டுப்போட்ட தழும்பு தெரிந்தது. கீழ் பல்செட் பேசும்போதே எழும்பியது. காரணம் எளிது. பல் போன பின் தாடை எலும்பின் விளிம்பு ஆண்டுதோறும் கரைந்துகொண்டே போகிறது. டால்கிரென் என்ற ஆய்வாளர் பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1972இல் வெளியிட்ட ஆய்வு, கீழ்த்தாடையின் தேய்வு மேல்தாடையினதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு என்று காட்டியது. பல்செட் மாறாமல் இருக்க, அதன் கீழுள்ள தரை இறங்கிவிடுகிறது.

மூன்றாண்டுகளுக்கு முன் வேறோரிடத்தில் அவருக்குப் புதிய பல்செட் ஒன்று செய்யப்பட்டிருந்தது. அதையும் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பார்க்க மிக அழகாக இருந்தது. கன்னக் குழி மறையும்படி உயரம் கூட்டி, உதடு நிமிரும்படி முன்பற்களைச் சற்று வெளியே நிறுத்திச் செய்திருந்தார்கள். பேத்தியின் கல்யாணத்தில் அதை அணிந்து போட்டோ எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். மற்ற நாட்களில் அது கைக்குட்டையிலேயே இருந்தது. அதை அணிந்தால் கிளாரினெட் ஊத முடியவில்லை.

அவரைப் பரிசோதித்த முதுநிலை மாணவி இரண்டு பல்செட்டுகளையும் மேசையில் வைத்துப் பார்த்தார். பாட நூலின் அளவுகோல்கள்படி புதியதில் பெரிய பிழை எதுவும் இல்லை. பழையதில் பிழைகள் நிறைய. ஆனால் வேலை செய்தது பழையதுதான்.

இதைப் புரிந்துகொள்ள, பல்செட்டை வெறும் பற்களின் வரிசையாகப் பார்க்கும் வழக்கத்தை விட வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த வில்ஃப்ரெட் ஃபிஷ் 1930களிலேயே பல்செட்டுக்கு மூன்று பரப்புகள் உண்டு என்று எழுதினார். ஈற்றின் மேல் அமரும் பரப்பு ஒன்று. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கும் பரப்பு இரண்டாவது. நாக்கும் கன்னமும் உதடும் தொடும் வழவழப்பான வெளிப்பரப்பு மூன்றாவது. முதல் இரண்டுக்கும் மருத்துவர்கள் எப்போதும் கவனம் தருகிறார்கள். மூன்றாவதைத்தான் எளிதில் மறந்துவிடுகிறார்கள். கீழ்த்தாடையின் எலும்பு தேய்ந்துபோன வாயில் பல்செட்டைப் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு தசைகளுடையது. உள்ளிருந்து நாக்கும் வெளியிலிருந்து கன்னமும் தள்ள, இரண்டும் சமமாகும் இடைவெளியில் பல்செட் நிற்கிறது. அந்தச் சமநிலையைத் தசைகள் பல மாதங்களில், பல ஆண்டுகளில் கற்றுக்கொள்கின்றன. வெளிப்பரப்பின் வளைவு மாறினால் கற்றது பயன்படாமல் போகிறது. முதுமையில் புதிதாகக் கற்பது கடினம். நினைவாற்றல் குன்றியவர்களுக்கு அநேகமாக முடியாத காரியம்.

கிளாரினெட் கலைஞருக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். வாத்தியத்தின் வாய்முனை மீது மேல் முன்பற்கள் நேரடியாக அமர்கின்றன. கீழுதடு கீழ்ப்பற்களின் மேல் மடிந்து ரீடுக்கு மெத்தையாகிறது. வாத்தியத்தின் எடையைத் தாங்கும் வலக்கைக் கட்டைவிரல் அதை மேல்நோக்கியே தள்ளுகிறது. இயற்கைப் பல்லுக்கு வேர் உண்டு, தாங்கும். மேல் பல்செட்டின் முன்புறத்தை மேலே தள்ளினால் பின்விளிம்பு கீழே இறங்கும், காற்றுப் பிடிப்பு விட்டுப்போகும். பதினான்கு ஆண்டுகளில் இந்த மனிதர் நாக்கின் பின்பகுதியாலும் கன்னத் தசைகளாலும் அந்தப் பின்விளிம்பைத் தாங்கிக்கொண்டே ஊதப் பழகியிருந்தார். அதை அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. எப்படிச் செய்கிறார் என்று கேட்டபோது அவரால் விளக்கவும் முடியவில்லை.

கல்யாண மாதங்கள் தொடங்க ஆறு வாரங்களே இருந்தன. பல் இல்லாமல் ஓர் இரவு போனாலும் அன்றைய கூலி இல்லை. "பேட்டி, பல்லை வைத்துக்கொண்டு இன்றே போகச் சொல்லாதே" என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். மாணவி அவரை "சாச்சா" என்று அழைத்து, வழக்கமான முறையில் புதிய பல்செட் செய்வதாகச் சமாதானம் சொல்லிப் பார்த்தார். அவர் கைக்குட்டையை மீண்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதுவே அவருடைய பதில்.

வழி சொன்னவர் துறையின் ஆய்வுக்கூடத்தில் முப்பதாண்டு பணியாற்றிய டென்டல் மெக்கானிக். 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இத்தொழில் செய்வோருக்கெனத் தனிப் பதிவேட்டை வகுத்தது. ஆயினும் ஆய்வேடுகளில் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நன்றியுரையின் கடைசி வரிதான். அவர் அலமாரியிலிருந்து மூடியுள்ள பிளாஸ்டிக் சோப்பு டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பல்செட்டைப் படியெடுப்பதற்கென்றே செய்யப்பட்ட உலோகக் குடுவைகள் உண்டு. அவை இல்லாத இடங்களில் சோப்பு டப்பா அந்த வேலையைச் செய்கிறது. நூல்களிலும் இது பதிவாகியுள்ளது.

ஆனால் படியெடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றிருந்தது. மேலண்ணம் முழுவதும் சிவந்திருந்தது. இரவிலும் பல்செட்டைக் கழற்றாதவர்களிடம் காணப்படும் பூஞ்சைத் தொற்று அது. புண்பட்ட தரையின் மேல் அளவெடுத்தால் அந்த வீக்கமும் அளவில் பதிந்துவிடும். மருந்து தரப்பட்டது. பல்செட்டைத் துலக்கித் தண்ணீரில் போட்டு, இரவில் வாய்க்கு ஓய்வு தரச் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் சிவப்பு மறைந்தது.

படியெடுக்கும் வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. பல்செட்டைக் கழுவிக் கிருமி நீக்கிய பின், ஆல்ஜினேட் பொடியைத் தண்ணீரில் குழைத்து டப்பாவின் அடிப்பாதியை நிரப்பினார் மெக்கானிக். பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் பொருள் ஆல்ஜினேட். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகார் வருவது தடைப்பட்டபோது, அதற்கு மாற்றாக வளர்த்தெடுக்கப்பட்டு அளவெடுக்கும் மேசைகளில் நிலைபெற்றது. குழைவில் பல்செட்டைப் பற்கள் கீழே இருக்கும்படி விளிம்புவரை அமிழ்த்தினார். சில நிமிடங்களில் குழைவு ரப்பர்போல இறுகியது. ஓரங்களைச் செதுக்கி, இரு பாதிகளும் பிறகு பிசகாமல் பொருந்துவதற்காகச் சிறு குழிகள் வெட்டினார். ஒட்டாமல் இருக்க வாசலின் தடவி, ஈற்றின் பக்கம் தெரிந்த பரப்பின் மேல் இரண்டாவது குழைவை ஊற்றி மூடியை அழுத்தினார். இறுகிய பின் திறந்தபோது ஒரு பாதியில் பற்களும் வெளிப்பரப்பும், மறுபாதியில் ஈற்றுப் பரப்பும் குழிவாகப் பதிந்திருந்தன. பல்செட் எந்தச் சேதமும் இன்றி வெளியே வந்தது. கீழ் பல்செட்டுக்கும் அதே வேலை. பிறகு இரண்டையும் கழுவி உரியவரிடம் கொடுத்துவிட்டார்கள். மதியத்துக்குள் அவர் அதே பற்களோடு பேருந்து ஏறினார். இந்த முறையின் முதல் நன்மையே அதுதான்.

ஆல்ஜினேட் அச்சு காத்திருக்காது. திறந்து வைத்தால் நீர் கசிந்து சுருங்கும். நீரில் போட்டால் உறிஞ்சி உப்பும். எனவே உடனே வார்க்க வேண்டும். பற்களின் குழிகளில் உருக்கிய மெழுகு ஊற்றப்பட்டது. இரு பாதிகளையும் மூடி, பின்பக்கத்தில் வெட்டிய இரண்டு வாய்க்கால்களில் ஒன்றின் வழியே தானே இறுகும் அக்ரிலிக் ஊற்றப்பட்டது. மற்றொன்றின் வழியே காற்று வெளியேறியது. கடைசியில் கிடைத்தது அக்ரிலிக் அடித்தளமும் மெழுகுப் பற்களும் கொண்ட ஓர் உருவம். பழைய பல்செட்டின் தேய்மானமும் ஒட்டுப்போட்ட தழும்பும் அதில் அப்படியே இருந்தன. இவற்றோடு, தம் வழக்கப்படி, மெக்கானிக் இன்னோர் அச்செடுத்து டென்டல் ஸ்டோனில் பழைய பல்செட்டின் கல்வார்ப்பு ஒன்றையும் செய்து அலமாரியில் வைத்துக்கொண்டார்.

இந்த உருவம் இறுதிப் பல்செட் அன்று. இங்கிருந்துதான் மாணவியின் வேலை தொடங்கியது. எதைக் காப்பது, எதை மாற்றுவது என்று அவர் பரப்புக்குப் பரப்பு முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஈற்றில் அமரும் பரப்பை மாற்றியே ஆக வேண்டும், எலும்பு தேய்ந்துவிட்டது. எனவே படியையே அளவுத் தட்டாகக் கொண்டு, அதனுள் மெல்லிய அளவுப் பொருள் தடவி, வாயை மூடிய நிலையில் புதிய அளவெடுத்தார். பற்கள் சந்திக்கும் பரப்பைப் பாதி மாற்றினார். தேய்ந்துபோன உயரம் முழுவதையும் ஒரே முறையில் மீட்க முயன்றதே மூன்றாண்டுக்கு முந்தைய பல்செட்டின் தோல்விக்கு ஒரு காரணம் என்று கணித்து, 2 மில்லிமீட்டர் மட்டும் உயர்த்தினார். வெளிப்பரப்பைத் தொடவில்லை. மெழுகுப் பற்களை மெக்கானிக் ஒவ்வொன்றாக எடுத்து, அதே இடத்தில் அதே சாய்வில் புதிய அக்ரிலிக் பல்லை வைத்தார். எல்லாப் பற்களையும் ஒன்றாக நீக்கியிருந்தால் பழைய பல்வரிசையின் வளைவு தொலைந்திருக்கும். பிறகு வழக்கம்போல் குடுவையில் அடைத்து வெப்பத்தில் வேகவைத்து மெருகேற்றினார்கள்.

பொருத்திய அன்று கீழ் பல்செட் எழும்பவில்லை. பேச்சு தெளிவாக இருந்தது. பிஸ்கட்டைக் கடித்துக் காட்டினார். பிறகு, கொண்டுவந்திருந்த பெட்டியைத் திறந்து கிளாரினெட்டைப் பூட்டி ஊதினார். ஒலி வந்தது, ஆனால் மெலிந்தும் அசைந்தும் வந்தது. இரண்டு மூன்று முறை முயன்ற பின், "காற்று வருகிறது பேட்டி, பிடி வரவில்லை" என்றார்.

மாணவி ஈற்றுப் பரப்பைச் சோதித்தார். அழுத்தம் எங்கும் கூடுதலாக இல்லை. பற்களின் சந்திப்பைச் சோதித்தார். அதிலும் குறையில்லை. அப்போது மெக்கானிக் அலமாரியிலிருந்து அந்தக் கல்வார்ப்பை எடுத்துவந்து புதிய பல்செட்டின் அருகில் வைத்தார். பழையதன் நடு முன்பற்கள் இரண்டின் நுனியிலும் ஒரு சரிவான பள்ளம் இருந்தது. இடது பல்லில் ஆழம், வலது பல்லில் குறைவு. புதிய பற்களின் நுனி நேராக, பழுதின்றி இருந்தது. நோயாளிக் குறிப்பில் அந்தப் பள்ளத்தை மாணவி முன்பே பதிவு செய்திருந்தார். 'தேய்மானம்' என்ற தலைப்பின் கீழ்.

கிளாரினெட்டின் வாய்முனை பெரும்பாலும் எபோனைட் என்ற கடின ரப்பரால் ஆனது. அக்ரிலிக் வருவதற்கு முன், 1850களிலிருந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பல்செட்டுகளின் அடித்தளமும் அதே கடின ரப்பரால்தான் செய்யப்பட்டது. அந்தக் கடின முனை பதினான்கு ஆண்டுகளாக அக்ரிலிக் பல்லின் மேல் உட்கார்ந்து தனக்கான இடத்தைக் குடைந்துகொண்டிருந்தது. வாத்தியம் எந்தக் கோணத்தில் வாய்க்குள் வர வேண்டும், எவ்வளவு உள்ளே வர வேண்டும், எந்தப் பக்கம் சற்றுச் சாய வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பள்ளத்தில் இருந்தன. அளவுகோல் வைத்துப் பார்த்தபோது ஆழம் 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மாணவி கல்வார்ப்பைக் கண்முன் வைத்துக்கொண்டு புதிய பற்களில் அதே பள்ளத்தைச் சிறிது சிறிதாகக் குடைந்தார். ஒவ்வொரு முறை குடைந்த பின்பும் அவர் ஊதிப் பார்த்தார். மூன்றாவது முறை அவர் நிறுத்தச் சொல்லவில்லை. ஊதுவதை நிறுத்தாததால் எல்லோருக்கும் புரிந்தது. குடைந்த இடத்தை மெருகேற்றிக் கொடுத்தார்கள். பழைய பல்செட்டும் அவரிடமே இருந்தது. சாலையில் ஏதேனும் ஆனால் மாற்றிக்கொள்ள ஒன்று வேண்டும் அல்லவா?

தமிழில் நகலுக்குப் படி என்றும் பிரதி என்றும் பெயர். பிரதி என்ற சொல் மூலத்தையும் குறிக்கிறது, அதைப் பார்த்து எழுதியதையும் குறிக்கிறது. ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தோர் செய்த பிழைகளில் ஒரு வகையைப் பதிப்பாசிரியர்கள் நன்கு அறிவார்கள். கவனக்குறைவால் வரும் பிழை அன்று அது. பொருள் விளங்காத ஒரு சொல்லைக் கண்டதும், முன்னவர் பிழையாக எழுதிவிட்டார் என்று எண்ணித் தமக்குத் தெரிந்த சொல்லாகத் திருத்திவிடும் பிழை. படித்தவர்தான் அப்பிழையைச் செய்ய முடியும். முன்பல்லின் பள்ளத்தை நேராக்கியதும் அவ்வகையே. ஒவ்வாத பாடம் என்று நீக்கப்பட்ட இடத்தில்தான் அந்த மனிதரின் பிழைப்பு இருந்தது.

இதிலிருந்து பழையது எல்லாமே சரி என்ற முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. பழைய பல்செட்டில் பற்கள் நிற்கும் இடமே தவறாக இருந்தால், அதைப் படியெடுப்பது அந்தத் தவறை மேலும் பல ஆண்டுகளுக்கு நீட்டிப்பதாகும். உயரம் மிகவும் இழந்துபோன வாய்க்கும், அணிந்தவரே ஒருநாளும் நிறைவடையாத பல்செட்டுக்கும் இந்த முறை பொருந்தாது. அத்தகையோருக்கு வெற்று வாயிலிருந்து தொடங்கும் அந்தப் பழைய பாதையே சரி. இன்று பல்செட்டை ஸ்கேன் செய்து கணினியில் கோப்பாகச் சேமித்து, வேண்டும்போது அச்சிட்டுக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. ஆல்ஜினேட் சுருங்கும் கவலை அதில் இல்லை. அந்தக் கோப்பில் பள்ளமும் அப்படியே பதியும். ஆனால் அது பழுதா, தேவையா என்று கோப்பு சொல்லாது. திரையின் முன் அமர்ந்து அதை ஒரே சொடுக்கில் நேராக்கிவிடும் வாய்ப்பு முன்னைவிட இப்போது அதிகம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. இதை அணிந்து என்ன செய்கிறீர்கள்? எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை? கைவிட்ட பல்செட் ஏதேனும் இருக்கிறதா? தையல்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். குர்ஆன் ஓதுபவருக்கும் வேதம் சொல்பவருக்கும் ஒவ்வோர் ஒலியும் பிறக்கும் இடம் முக்கியம். வெற்றிலை போடுபவரின் கடைவாய் ஒரு பக்கம் மட்டும் தேயும். இவை எல்லாம் பழைய பல்செட்டில் பதிந்திருக்கும். பதிந்ததைப் படிக்காமல் புதியது செய்பவர், முன்னாய்வுகளைப் பார்க்காமல் ஆய்வேடு எழுதுபவரைப் போன்றவர்.

அந்த மாணவி தம் ஆய்வை இப்போது முடித்துவிட்டார். பல் இல்லாத முதியவர் எவர் வந்தாலும், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் அவர் கேட்பது ஒன்றுதான்: "பழையதைக் கொண்டுவந்திருக்கிறீர்களா?"